அவர் பார்க்காத யானை

மார்ச் 9, ஞாயிறு

கிளப் செஸ் போட்டியில் எனக்கு முதல் பரிசு! கடைசி ஆட்டம் இவரோடுதான். கல்யாணமான நாளிலிருந்து இவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இன்று ஜெயித்துவிட்டேன். கோப்பை அலமாரி மேல் இருக்கிறது. தூசி துடைக்கிற சாக்கில் போய்ப் போய்ப் பார்க்கிறேன். வாங்கி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதில் ஏது தூசி?

மார்ச் 11

வேலை முடிந்து கூரியர் ஆபீசிலிருந்து நேராகக் கிளப்புக்குப் போனேன். ஏன்தான் போனேனோ.

செயலாளர் எங்கள் ஆட்டத்தைச் சுவர்ப் பலகையில் வைத்து எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். ஓரக் கட்டத்தில் என் யானை, காவலுக்கு ஆளே இல்லாமல். அதே வரிசையில் இவருடைய ராணி. எடுத்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். எடுக்கவில்லை. அடுத்த நகர்த்தலிலும் எடுக்கவில்லை. அதற்கடுத்ததிலும்.

"அண்ணன் இதப் பாக்கலைன்னா யாராவது நம்புவாங்களா? அண்ணிக்கு விட்டுக் குடுத்துட்டாரு!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "பாவம்னு விட்டீங்களா?"

"சத்தியமா நான் பாக்கலம்மா."

"ஸ்கூல் வேன் ஓட்டுற ஆளுக்கு அவ்ளோ பெரிய யானை தெரியலையாக்கும்!"

கோப்பையை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன்.

மார்ச் 12

பேச்சில்லை. பாத்திரங்கள்தான் பேசிக்கொள்கின்றன.

மார்ச் 14

மனசு ஆறவில்லை. போட்டியில் இவர் ஆடிய மற்ற ஆட்டங்களின் நகர்த்தல்களை எழுதிய தாள்களையும் செயலாளரிடம் வாங்கி வந்தேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான், வேறெதற்கு?

இவர் வேன் எடுத்துப் போனபின் பலகையை விரித்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியனிடம் ஒரு குதிரையை எடுக்காமல் விட்டிருக்கிறார். மருந்துக் கடைக்காரரிடம் ஒரு பிஷப். இவர்களுக்குமா பாவம் பார்த்தார்? அந்த எலக்ட்ரீஷியனைக் கண்டாலே இவருக்கு ஆகாதே!

வெள்ளையில் ஆடினால் விட்டது ஒரு ஓரம், கறுப்பில் ஆடினால் எதிர் ஓரம். ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்து போய், கறுப்பில் ஆடும்போது இவர் உட்காரும் பக்கம் உட்கார்ந்தேன். கறுப்பு ஆட்டங்களை அங்கிருந்து பார்த்தேன்.

எந்த நிறமானாலும் சரி. விட்டதெல்லாம் இவருடைய இடது கைப் பக்கம்.

போன மாதம் வேனில் உடைந்தது எந்தக் கண்ணாடி? இடது. சமையலறைக் கதவில் இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவாரே, எந்தத் தோள்?

ஐயோ. நான் இவரை என்னவெல்லாம் சொன்னேன்.

மார்ச் 15, சனி

காலையில் எதிரே உட்காரவைத்தேன். "என் மூக்கையே பாருங்க. விரல் எப்பத் தெரியுதோ, சொல்லுங்க." வலது பக்கமிருந்து கொண்டுவந்தேன், உடனே சொன்னார். இடது பக்கமிருந்து மெதுவாக, மெதுவாக...

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

விரல் அவர் கன்னத்துக்கு நேரே வந்திருந்தது.

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வேன்ல பசங்க இருந்தாங்களே..." என்றார். வேன் முதலாளிக்கு அவரே போன் போட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து வேற டிரைவர் பாத்துக்கோங்க." சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

மார்ச் 18

ஸ்கேன் வந்துவிட்டது. கண்ணில் கோளாறில்லை. மூளையின் பின்பக்கம் சின்ன ரத்த அடைப்பு. வலியே இல்லாமல் வந்து பார்வையில் ஒரு பக்கத்தைத் தின்றிருக்கிறது. சில வாரங்கள் ஆகியிருக்குமாம்.

"போனது முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாது. அடுத்தது வராமத் தடுக்கணும், அதுக்குத்தான் மாத்திரை," என்றார் டாக்டர். "நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் செஸ்ல தோத்துப்போயிட்டேன் டாக்டர்," என்றார் இவர்.

வாசலுக்கு வந்தும் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடுவில் எப்போது அழுகையாக மாறியதென்று தெரியவில்லை.

மார்ச் 21

கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கோபம் வந்துவிட்டது இவருக்கு.

"எதுக்குக் குடுக்கணும்? என் ராஜாவ மடக்கினது நீதானே? நான் விட்டுக் குடுத்திருந்தாதான் அது வெக்கக்கேடு."

ஏப்ரல் 6

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். வேன் சத்தம் கேட்டால் மட்டும் எட்டிப் பார்க்கிறார்.

ஜூன் 7, சனி

முதலாளி கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார். அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடும் வேலை. "பின்னாடி உக்காந்தாத்தான் இதுங்க பண்ற கூத்தெல்லாம் தெரியுது," என்கிறார்.

சாயங்காலம் கிளப்புக்கு நடந்தே போனோம். நான் இவருக்கு இடது பக்கம். திருப்பத்தில் இடது பக்கமிருந்து ஒரு சைக்கிள் ஒட்டி வந்தது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரிஞ்சுது, தெரிஞ்சுது," என்றார்.

தெரிந்திருக்காது. பிடித்த கையை நான் விடவில்லை.