இடம் பிடிக்கப் போனோம்

ஜனவரி 9, வெள்ளி

காலையில் பனி. எதிர்வீடே தெரியவில்லை, அண்ணாமலை எங்கே தெரியும். துணி காயாது. கேஸ் புக் பண்ண வேண்டும்.

கயல் போன். ஞாயிறு சென்னையில் திறந்தவெளிக் கச்சேரி, ப்ளூஸ். அவளும் கிதார் வாசிக்கிறாள். டிக்கெட் கிடையாது, யாரும் வரலாம். ப்ளூஸ் என்றால் என்னடி என்றேன். "மனசுல இருக்கற கஷ்டத்தப் பாடறதும்மா." அதற்கு எங்கள் ஆபீசுக்கு வந்தாலே போதுமே என்றேன். சிரித்தாள். அப்புறம் மெதுவாக, "அப்பா வருவாரா?"

கயல் பேங்க் வேலையை விட்டுவிட்டு இந்தப் பாட்டுக் குழுவில் சேர்ந்ததிலிருந்து பெண்ணோடு அவர் பேசுவதில்லை. இரண்டு வருஷம். எல்லாம் என் வழியாகத்தான். "சாப்டாளானு கேளு." "கேட்டுட்டேன், சாப்டாளாம்." தபால்காரர் வேலை எனக்கு.

ஜன. 10, சனி

நல்ல வெயில். துணி காய்ந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன், நான் போகப்போகிறேன் என்று. ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "ஃப்ரீனா கூட்டம் தள்ளும். தனியாப் போய் மிதிபடாத. நானும் வர்றேன்." மோரை இரண்டு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன்.

கார்த்திகை தீபத்துக்கு இடம் பிடிக்கப் போகிற மாதிரியே திட்டம். கச்சேரி ஆறு மணிக்கு. மதியத்துக்குள் போய் இடம் பிடிக்க வேண்டுமாம். எடுக்க வேண்டியவை: புளிசாதம், பெட்ஷீட், தண்ணீர், பி.பி. மாத்திரை, துண்டு.

ஜன. 11, ஞாயிறு

திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

பதினோரு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். மைதானத்தில் ஈ காக்கை இல்லை. மேடையில் நாலு பேர் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன், "சாயங்காலம் தான் சார்." இவருக்கு வெட்கம். கடைக்கோடி மரத்தடியில் பெட்ஷீட்டை விரித்தார்.

கயல் மேடைக்கு வந்தாள். இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் தானே தள்ளிக்கொண்டு. "தூக்க ஆள் இல்லயா?" என்றார் என்னிடம். கிதாரை மாட்டினாள். பேஸ் கிதாராம்; நாலே கம்பி, அதற்கு அடிவயிற்றுக் குரல். வெயில் கண்ணில் அடித்ததால் அவளுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. மைக்கில், "மரத்துகிட்ட இருக்கறவங்களே, அங்க கேக்குதுங்களா?"

எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். சத்தமாக, "கம்மியா இருக்கும்மா. கொஞ்சம் ஜாஸ்தி வை."

கயல் கை அப்படியே நின்றுவிட்டது. நெற்றியில் கை வைத்து எங்களைப் பார்த்தாள், ரொம்ப நேரம். அப்புறம் பெட்டியில் எதையோ திருகி வாசித்தாள். அதிர்வு தரை வழியாக என் காலுக்கு வந்தது.

"இப்ப கேக்குதாப்பா?"

"இப்ப சரியா இருக்கு." உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகம் துடைத்தார். வேர்வையாம்.

இவருடைய அவசர புத்தியை எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். இன்றைக்கு அதற்கும் நன்றி, அண்ணாமலையாருக்கும் நன்றி.

மூன்று பேரும் சாப்பிட்டோம். பேச்சு: புளி, பஸ், பொங்கல். வேறொன்றுமில்லை. நிறைந்துவிட்டது எனக்கு. சாயங்காலம் நிஜமாகவே கூட்டம். ஒரு பாட்டும் புரியவில்லை, அழுதேன். பின்னால் யாரோ, "அந்த பேஸ் வாசிக்கிற பொண்ணு செமடா." இவர் காதிலும் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, முதுகு மட்டும் நிமிர்ந்தது.

ஜன. 12, திங்கள்

கால் வீக்கம். ஆபீசுக்கு லேட். கேஸ் இன்னும் புக் பண்ணவில்லை.

சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது என் போன் அடித்தது. கயல். அவர் எடுத்தார். என்னிடம் தருவார் என்று கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். தரவில்லை. சிக்னல் இல்லையென்று வாசலுக்குப் போனார்.

"ம், கேக்குதும்மா. சாப்டியா?"