மாமியார் வேஷம் கட்டிய அண்ணிக்கு

அண்ணி, நேற்றுப் பள்ளிக்கூட விழாவுக்காக என் பேத்தி கிழவி வேஷம் போட்டாள். தலைமுடி நரைத்துத் தெரிய டப்பா முழுக்கப் பவுடரைக் கொட்டிக்கொண்டாள். தேங்காய் எண்ணெயும் பவுடரும் கலந்த அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. கண்டி கட்டுக்கலை வீட்டு அடுப்படியில் நீங்கள் வேஷத்தோடு நின்ற மாதிரியே இருந்தது.

அண்ணன் வேலை பார்த்த புடவைக் கடைப் பையன்களெல்லாம் சேர்ந்து நாடகம் போடுவார்கள். மாமியாராக நடிக்க ஆள் கிடைக்காமல் அண்ணன் உங்களைக் கூட்டிப்போனான். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான்தான் வசனத்தைப் படித்துக் காட்டுவேன். ஒருமுறை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வீர்கள். ஆனால் நடை, குரல், கழுத்து வெட்டு எதுவும் தாளில் இல்லை. அதையெல்லாம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்து, கன்னத்தில் அடக்கிய வெற்றிலை, காலையில் பிந்தி எழுந்து வரும் மருமகளைப் பார்த்து "மகராசி எந்திரிச்சாச்சா?" என்ற குத்தல். எல்லாம் எங்கள் அம்மா.

"அண்ணி, அம்மா பாத்தா தொலைஞ்சோம்" என்றேன்.

"வேற மாமியாரை நான் எங்க போய்த் தேடுறது புள்ள?" என்றீர்கள்.

வீட்டுப் பெண் மேடை ஏறுவது அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. கடைசியில் ஒரு பேச்சுச் சொன்னார்: "நானே வந்து பாக்குறேன். எனக்குச் சரியாப் படலன்னா அன்னைக்கோட முடிஞ்சுது."

பொங்கலுக்கு மறுநாள் மாலை, மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசைக் கதிரையில் அம்மா, பக்கத்தில் நான். திரை விலகியது. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்று "மகராசி எந்திரிச்சாச்சா?" என்றீர்கள். சனம் கூரை அதிரச் சிரித்தது. நான் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தேன். போகப் போகச் சிரிப்பெல்லாம் கோபமாக மாறியது. மருமகளின் சோற்றுத் தட்டை நீங்கள் பிடுங்கியபோது பின்னால் ஒருத்தி, "இவ வெளங்குவாளா? நாசமாப் போக!" என்று கத்தினாள். அம்மா திரும்பி அவளை ஒரு முறை முறைத்தார். பிறகு நாடகம் முடியும்வரை மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீடு திரும்பப் பஸ் ஏறினோம். அண்ணன் டிக்கட்டைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கிவிட்டான். நீங்கள் பவுடர் கலையாத தலையோடு குனிந்தே இருந்தீர்கள். இறங்கும் இடம் நெருங்கும்போது அம்மா கூப்பிட்டார்.

"ஏ புள்ள."

"என்னங்க அத்தை?"

"நான் வெத்தலைய எந்தக் கன்னத்துல அடக்குவேன்?"

உங்கள் முகம் செத்துப்போனது. "வலது பக்கமுங்க."

"நீ இடது பக்கம் அடக்குன. சனங்களுக்குக் கண்ணு இல்லையா? அடுத்த நாடகத்துல ஒழுங்காச் செய்யி."

அடுத்த நாடகம்! அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தான். நீங்கள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது.

அதற்குப் பிறகு யார் உங்களைத் தடுக்க முடிந்தது? மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் நாடகம் முடிந்து தேத்தண்ணி கேட்டபோது ஒரு கொழுந்துக்காரப் பெண், "ஒனக்கு ஊத்துனா என் கையி வெந்துபோகும்" என்று கோப்பையை இழுத்துக்கொண்டாள். தாகத்தோடு லொறியில் ஏறி, "பாத்தியா புள்ள, இதைவிட மாலை வேணுமா?" என்று வழியெல்லாம் சிரித்தீர்கள்.

பிறகு நம் நாட்டிலேயே எடுத்த ஒரு சினிமாப் படத்தில் நாலே நாலு காட்சியில் வந்தீர்கள். அதிலும் மாமியார்தான். கண்டித் தியேட்டரில் கேலரியில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் திரையில் வந்ததும் விசில் பறந்தது. அம்மா எழுந்தே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர், "ஆச்சி, ஒக்காருங்க, மறைக்குது" என்றார்.

"சும்மா இரு தம்பி. நடிக்கிறது எம் மருமக. நடை என்னோடது!"

தியேட்டரே கைதட்டியது. அது உங்களுக்கா, அம்மாவுக்கா? இருவருக்கும்தான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

இப்போது நீங்களும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் மாமியாராகிப் பல வருடம் ஆகிறது. சில காலைகளில் மருமகள் எழும்பப் பிந்தினால் நாக்கு நுனிவரைக்கும் அந்த "மகராசி" வந்துவிடும். உடனே எங்கோ ஒரு மூலையில் நின்று நீங்கள் என்னைக் கவனிப்பது போலிருக்கும், என் நடையையும் எடுத்துக்கொள்ள. சிரித்துவிடுகிறேன்.

"காலங்காத்தால என்னங்க அத்தை சிரிப்பு?" என்று கேட்பாள்.

"ஒண்ணுமில்ல, எங்க அண்ணி வந்துட்டுப் போறாங்க" என்பேன்.