மாதாவின் முகத்தில் நாலு கண்

என் உயிரான ரெஜி அக்காவுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் சிலை இருக்கிற அறைக்குள் நான் தனியாகப் போவதே இல்லை.

கோயிலுக்காக நாம் செய்த வியாகுல மாதாதான். நான் மோல்டில் களிமண் கரைசலை ஊற்றி, ஓரத்துத் தழும்பைச் சுரண்டிக் கொடுத்தேன். முகம் எழுதுவது எப்போதும் போல உன் வேலை. அதற்குத்தானே அவ்வளவு சண்டை! "செத்த புள்ளைய மடியில வச்சிருக்கிறவ அக்கா. கண்ணு தொறந்து, தண்ணி வழியணும்" என்றேன். "கோடு சரியா வுழுந்தா போதும்டி, அழுகை தன்னால வரும்" என்றாய். "உன் பொம்மைங்க அழகாத்தான் இருக்குது. உள்ளாறதான் யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். நீ சிலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். மறுநாள் காலை நெஞ்சுவலி என்று உன்னை ஆட்டோவில் ஏற்றினோம்.

துக்கம் முடிந்து பட்டறைக்குப் போனால், நீ கிளேஸ் பூச்சில் முக்கிவைத்த சிலை பலகையில் காய்ந்து நின்றது. சூளையில் வெந்தால்தானே கிளேஸ் கண்ணாடியாகும், வேகாதது சுண்ணாம்பு மாதிரி, முகம் வெள்ளையாக மூடிக்கிடந்தது. நீ எப்போதும் கண்ணை கிளேஸுக்கு மேலேதான், கடைசியாக எழுதுவாய். எழுதாமலே போய்விட்டாய் என்று நினைத்து, உன் பிரஷ்ஷாலேயே திறந்த கண்ணும் இரண்டு சொட்டுக் கண்ணீரும் எழுதினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஜெயித்துவிட்டோம் என்று ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. உன் கல்லறை மண் காயவில்லை, எனக்கு அந்தப் புத்தி!

சிலையை வேகவைத்துச் சூளையைத் திறந்தபோது கூட வேலை செய்கிற செல்வி பக்கத்தில் நின்றாள். வெந்து கண்ணாடியாகிவிட்ட கிளேஸுக்கு அடியிலிருந்து இன்னொரு ஜோடி கண் மேலே வந்திருந்தது. மூடிய கண். இமைக்கு ஒரே கோடு, உன் கோடு. "ஐயோ, அக்கா முன்னாடியே எழுதிட்டாங்க" என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏன் அக்கா? இந்த ஒன்றை மட்டும் ஏன் அடியில் எழுதி மறைத்தாய்? நான் மேலே எழுதுவேன் என்று தெரிந்தா? நான் பேசின பேச்சுக்கு மன்னித்துவிடு.

நேரே நின்றால் மாதா நம்மைப் பார்க்கிறாள். தரையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், என்ன மாயமோ, என் கண் பளபளப்பில் மறைந்து இமை மூடிக்கொள்கிறது. எழுந்தால் திறக்கிறது. பட்டப்பகலில் நானும் செல்வியும் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தோம் தெரியுமா? சிரிக்காதே. நடுவில் கிளேஸ் டிக் டிக்கென்று தெறிக்கிற சத்தம் வேறு. ஆறும்போது கேட்பதுதான். ஆனால் இது ஆறி ஒன்பது நாள் ஆகிறது.

என் கண்ணை மட்டும் தனியாகப் பார்த்தேன். கத்துகிறது, பக்கத்தில் நாம் அழ இடமே விடவில்லை. உன் கோட்டை மட்டும் பார்த்தேன். அழகுதான், ஆனால் மடியில் பிள்ளை இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் விழுந்திருக்கும். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். இரண்டும் சேர்ந்த முகத்தைத்தான் என்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

ஃபாதர் வந்து பார்த்தார். "இத பீடத்துல வச்சா ஜனங்க பயந்துடுவாங்கம்மா. ஒரு ஜோடிய பெயிண்ட்டு வச்சி மறைச்சிடுங்க" என்றார். என் கண் பெரியது, உன் கோடு அதற்குள்ளேயே கிடக்கிறது; என் கண்ணை மறைத்தால் அடியில் இருக்கிற உன்னுடையதும் போய்விடும். தனியாக மறைக்க முடிந்தது உன் கோடு ஒன்றுதான். பிரஷ்ஷை உன் இமைவரை கொண்டுபோனேன். நீ இழுத்த கடைசிக் கோடு அது, எனக்குக் கை வரவில்லை. "முடியாது ஃபாதர், இது எங்க வூட்ல இருக்கட்டும். கோயிலுக்கு வேற செஞ்சி தரேங்க" என்று சொல்லிவிட்டேன்.

கோயிலுக்கான அந்தப் புதுச் சிலையை இன்று காலை கிளேஸில் முக்கினேன். முகம் உன் வேலை; அடியில் நான் எதுவும் எழுதவில்லை, மேலேயும் எழுத மாட்டேன். இது உனக்கு என் சத்தியம். செல்வியும் தொடமாட்டாள். கண் இல்லாத வெறும் முகமாகத்தான் சூளைக்குள் போகிறது. வெறும் முகமாகவே வெளியே வந்தால் உன்னை நினைத்து அழுதுகொள்வேன். அப்படி வராவிட்டால், அக்கா, எந்தக் கண்ணால் என்னைப் பார்ப்பாய்?

உன் வாயாடித் தங்கச்சி,
ஸ்டெல்லா
விருத்தாசலம்