கூறை சிவப்புத்தான், அக்கா

அக்கா, இன்று காலை சுவாமித் தட்டைத் துடைத்தபோது விபூதிப் பெட்டிக்கு அடியிலிருந்து உங்கள் மகளின் கலியாண சீடி வந்தது. அதில் வெயில் பட்டதும் சுவரில் ஏழு நிறமும் ஆடியது.

கலியாணம் கனடாவில். உங்களுக்குப் போக வழியில்லை. காத்திருந்து காத்திருந்து வீடியோ கசெற்தான் வந்தது. நெளுக்குளத்தில் உங்கள் வீட்டு முற்றத்தில், வாடகைக்கு எடுத்த ரீவிக்கும் கசெற் போடுகிற டெக்குக்கும் முன்னால் அயலெல்லாம் கூடியிருந்தோம். முதலில் ஒரு சினிமாப் படம் போட்டுப் பார்த்தார்கள். நல்ல கலர். பிறகு உங்கள் மகள் வந்தாள். படம் மேலே மேலே உருண்டது. கூறைச்சேலை கறுப்பு, நெற்றிப் பொட்டும் கறுப்பு. தாலி கட்டுகிற இடத்தில் வெறும் கோடுகள்.

என் வாய் சும்மா இருக்குமா?

"மற்றப் படம் கலரில ஓடினது. இந்தப் பிள்ளையின்ர கலியாணத்துக்கு மட்டும் ஏன் நிறம் போச்சுது? எனக்கெண்டால் இது நல்ல சகுனமாப் படேல்லை."

அடுத்த நாளிலிருந்து உங்களுக்கு ஒருநேரச் சாப்பாடு, பிள்ளையாருக்கு நேர்த்தி. மகளின் கடிதம் பிந்திய கிழமைகளில் உங்களைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் இரண்டு பேருமாகக் கசெற்றை வவுனியாவில் ஒரு வீடியோக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்.

"கசெற் பழுதில்லம்மா. அங்க படம் பதியிற முறை வேற, இங்க வேற. நம்ம டெக்குக்கு அத வாசிக்கத் தெரியாது. சீடில போட்டு அனுப்பச் சொல்லுங்க. அது எங்கயும் ஓடுற மாதிரி பல நாட்டுக்காரங்க கூடிப் பேசி ஒரே முறையா வச்சிருக்காங்க."

"சண்டை பிடிக்கிற நாடுகளுமோ?" என்று கேட்டீர்கள்.

"அவங்களும்தாம்மா."

"அப்ப ஒரு விசயத்திலயாவது ஒத்துப்போகினம்."

அப்படிச் சொன்னாலும் விளக்கம் உங்கள் புத்திக்குத்தான் போனது, வயிற்றுக்குப் போகவில்லை. ஒருநேரச் சாப்பாடு தொடர்ந்தது. சீடி வந்த அன்றைக்கு அதே கடை வாசலில் கால் நகராமல் நின்றீர்கள்.

"பிள்ளை, நீ முதல் போய்ப் பார். சகுனம் சொன்ன வாய்தானே, நிறத்தையும் அதுவே வந்து சொல்லட்டும்."

போனேன். படம் உருளவில்லை. கூறை செம்பரத்தம்பூப் போல இருந்தது. மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுப் போடும்வரை கும்பிட்டபடி நின்றேன். வெளியே ஓடிவந்தேன்.

"சிவப்பு, அக்கா."

"அவ்வளவுதானோ? உன்ர வாயில இருந்து இவ்வளவு சுருக்கமா ஒரு கதையும் நான் கேட்டதில்லை," என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனீர்கள். அன்றைக்குக் கடைக்காரர் அந்தத் தாலிகட்டை உங்களுக்காக நாலு தரம் போட்டார்.

நீங்கள் கண்மூடிய பிறகு காரியத்துக்கும் மகளால் வரமுடியவில்லை. சீடியை என்னிடம் தந்துவிட்டுத்தான் போனீர்கள்.

இப்போதும் கெட்ட கனவு, பல்லி சொன்னது என்று சனம் என்னிடம் பலன் கேட்டு வரும். வாய் துருதுருக்கும். அடக்கிக்கொண்டு, "எந்த டெக்கில போட்டுப் பாத்தனீங்கள்?" என்று கேட்கிறேன். அவர்கள் முழிக்கிறார்கள். நீங்கள் இருந்தால் சிரிப்பீர்கள்.