தறிக்குழி மேல் நின்ற எஸ்டி வண்டி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
மார்கழி முதல் வெள்ளி.

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

காந்தா எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் இளவரசியும் காமாட்சி அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அங்கே சோஹாரில் இப்போது வெயில் தணிந்திருக்கும் என்று டேனியல் தம்பி சொன்னார். லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்புகிறவர் என்பதால் அவர் கையிலேயே இந்தக் கடிதத்தையும் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயைப் பிறகு திறக்கலாம். முதலில் இதைப் படியுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இளவரசி பேச்சை எடுத்தாலே உங்களுக்கு டவர் கிடைக்காமல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

போன பங்குனி உத்திரத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். ஒரகடத்தில் பழைய வண்டிகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டித்தரும் பட்டறையில் இவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள், தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஓடிவந்து உங்களிடம்தான் முதலில் சொன்னாள். பொம்பளைப் பிள்ளை கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்தால் எவன் பெண் கேட்டு வருவான் என்றீர்கள். அவள் விடாமல் கேட்டபோது உங்கள் தம்பி வேல்முருகன் எதிரிலேயே, "கொல்லையில கெடக்குற எஸ்டிய ஓட வை. ஓடுச்சுன்னா நீ வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நீங்கள் வெளிநாடு போன நாளிலிருந்து தார்ப்பாய்க்குள் கிடந்து, எலி குட்டி போட்ட மோட்டார் சைக்கிள் அது. காயலான் கடைக்காரரே வேண்டாம் என்று போய்விட்டார். நீங்கள் விளையாட்டாகச் சொன்னது எனக்குத் தெரியும். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா வார்த்தை கொடுத்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டாள்.

இனி நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். உங்கள் எஸ்டி ஓடுகிறது.

எப்படி என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். கொல்லையில் வைத்துப் பிரித்தால் மழை. தெருவில் வைத்தால் ஆளுக்கு ஒரு யோசனை. உங்கள் தறி இருந்த இடத்தில் குழி சும்மாதானே இருந்தது? அதன்மேல் குறுக்கே பலகைகளைப் போட்டு வண்டியை ஏற்றினாள். நீங்கள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டை மிதித்த குழிக்குள் இவள் இறங்கிக்கொண்டு வண்டிக்கு அடியிலிருந்து வேலை பார்த்தாள். பக்கத்துத் தறியில் நான் நெய்துகொண்டிருப்பேன். பட்டில் கிரீஸ் பட்டுவிடப் போகிறது என்று நடுவில் பழைய புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டோம். இந்தப் பக்கம் தறிச் சத்தம், அந்தப் பக்கம் ஸ்பானர் சத்தம். ஆனியில் தொடங்கி ஐப்பசி வரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஓட்டினோம். இவ்வளவு சிரித்துப் பேசி நாங்கள் இருந்ததும் இந்த மாதங்களில்தான்.

பிஸ்டன் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. டீசல் ஊற்றி ஊறப்போட்டு, பல் துலக்கும் முன்பே போய்த் தட்டிப் பார்ப்பாள். அது விட்டுக்கொடுத்த அன்று அவள் போட்ட கத்தலில் எனக்குக் கை தவறி இழை அறுந்தது. சிலிண்டரை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினாள். சென்னைக்குப் போய் புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்து அதற்குப் பொருந்தும் பிஸ்டனைத் தேடிப் பிடித்தாள். மற்ற வேலையெல்லாம் அவள் கைதான். நம் தெரு மெக்கானிக் மணிவண்ணன் வந்து குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "யக்கா, நானே இவ்ளோ சுத்தமா கட்ட மாட்டேன்" என்றார். மணிவண்ணன் வாயிலிருந்து இன்னொருவரைப் பற்றி நல்ல வார்த்தை வந்து நீங்கள் கேட்டதுண்டா?

பழைய வண்டியை அப்படியே விட அவளுக்கு மனம் வரவில்லை. பின் மட்கார்டைக் குறைத்தாள், ஹேண்டில்பாரைத் தாழ்த்தினாள், சீட்டைப் புதிதாகத் தைத்தாள். டேங்குக்கு என்ன நிறம் என்று என்னைத்தான் கேட்டாள். அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை என்றேன். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் கறுப்புக் கோடு இழுத்து மறைத்துவிடலாம் என்று பெயிண்டர் சொன்னாராம். எங்கள் வீட்டில் உடலையும் கரையையும் கோர்வை போட்டுச் சேர்ப்போம், மறைக்க மாட்டோம் என்று இவள் கூடவே நின்று, பல் பல்லாகக் கோத்தாற்போல் போட்டு வாங்கியிருக்கிறாள். நீங்கள் முசரவாக்கத்தில் எருமை மேல் மோதி டேங்கில் வாங்கிய சொட்டையை மட்டும் நான் எடுக்க விடவில்லை. அது இல்லாவிட்டால் இது என் வண்டியே இல்லை என்று நீங்கள் சாதித்துவிடுவீர்கள்.

நான் செய்த கூத்தையும், வேல்முருகன் சொல்லி நீங்கள் கேட்பதற்குள், நானே சொல்லிவிடுகிறேன். எலி கடித்த ஒயரையெல்லாம் மாற்றும்போது முனைகளை முறுக்கிச் சேர்க்க என்னைக் கூப்பிட்டாள். முறுக்குவது எனக்குப் புதிதா? தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு இழை இழையாகப் பிணைத்த விரல் இது. நிறம் பார்த்து ஜோடி சேர்த்து, தறியில் செய்வதுபோல வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, அவள் டீ குடித்து வருவதற்குள் அத்தனையும் முறுக்கி டேப்பும் சுற்றிவிட்டேன். வண்டி முதல் உதையிலேயே எழுந்தது. தெருவே கூடிவிட்டது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஐயம்பேட்டை வரை போய்வருகிறேன் என்று கிளம்பினாள். அங்கே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பொட்டென்று நின்றுவிட்டது. எவ்வளவு உதைத்தும் எழவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா ஷேர் ஆட்டோவில் உங்கள் தம்பி வர வேண்டும்? தலையை வெளியே நீட்டி, "இன்னாம்மா, காயலான் கடைக்குத் தள்ளிக்கினு போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. வேலை போயிற்று, அப்பா சிரித்தது சரியாகிவிட்டது என்று ஒரே அழுகை.

மறுநாள் ஹெட்லைட்டைக் கழற்றி என் முறுக்குகளைப் பிரித்தாள். உள்ளே சாம்பல். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எம்மா, இது பட்டு இல்லமா, செம்பு. நடுவுல சாம்பல் இருந்துக்கினு இருந்தா கரண்டு எப்படிமா போவும்?" என்றாள். கைப்பழக்கம் வந்துவிட்டது, நான் என்ன செய்ய? ஒவ்வொன்றாகத் துடைத்து ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். ஆனால் ஒரு ஜோடிகூட மாறவில்லையாம். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மாகறல் கோவிலுக்குக் கிளம்பினாள். ஆர்.சி. புதுப்பித்தாயிற்று, இன்சூரன்ஸ் கட்டியாயிற்று, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். நான் வாசலை விட்டு நகரவில்லை. எங்கும் நிற்காமல் போய்த் திரும்பினாள். அவள் தெருமுனை திரும்பும் முன்பே அந்த இரட்டை சைலன்சர் சத்தம் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பெண் கட்டிய வண்டி என்று தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டேன். அடுத்த வாரம் வேல்முருகன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கொஞ்சம் பார் என்று நின்றார். வரிசையில் விடுங்கள் சித்தப்பா என்றாள்.

பொங்கல் கழித்து வந்து சேரச் சொல்லி ஒரகடத்துக்காரர்கள் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். இவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நான் போகச் சொல்லிவிட்டேன். அவளோ, "வார்த்தை குடுத்தது அப்பாதானேமா. அவரு சொல்லாம போவமாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் பெண்தானே, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்?

புதுப் பாவில் முதலில் இறங்கும் சேலையை நம் வீட்டில் விற்பதில்லை. அம்மனுக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்தது. அப்படித்தான் அந்தப் பின்சீட்டை உங்களுக்கென்று வைத்திருக்கிறாள். இதுவரை ஒருவரையும் ஏற்றவில்லை, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நான் ஆசையாகக் கேட்டதற்கு, நீ ரெண்டாவது என்று சொல்லிவிட்டாள். சாம்பல் தொட்டவளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

பொங்கலுக்கு நீங்கள் வந்து இறங்கும்போது பஸ் ஸ்டாண்டில் அவள் வண்டியோடு நிற்பாள். உங்கள் அளவுக்கு ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறாள். பெட்டிகளை வேல்முருகன் ஆட்டோவில் எடுத்து வருவார், சொல்லிவிட்டேன். நீங்கள் யார் வண்டியிலும் பின்னால் உட்காராதவர். மகள் ஓட்ட, ஊர் பார்க்க, ராஜ வீதி வழியாக வருவது உங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உங்களுக்கு வராது என்பதும் தெரியும். வாயே திறக்க வேண்டாம். அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஏறி உட்காருங்கள். அவளுக்குப் புரிந்துவிடும்.

ஏகாம்பரநாதர் உங்களை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். வழியில் மேடு பள்ளம் வந்தால் மட்டும் அவள் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கப்போகும்,
காந்தா