காற்றுதான் என்று சொன்னேன்

ஜூன் 4
பழைய புல்வெட்டி டிராக்டர்கள் மூன்று வந்து இறங்கின. ஒன்றுக்குத்தான் உயிர் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் என் கடைப் பெயிண்டர் சாயம் அடித்தால் உயிர் வந்த மாதிரி இருக்கும். விற்க அது போதும்.

மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வேலை கிடைக்கப் போகிறதாம். பெயிண்டர்தான் சொன்னான். என்னிடம் தொழில் பழகி, என் மகளையும் கட்டிக்கொண்டு, அடுத்த தெருவிலேயே பட்டறை போட்ட மகராசன். ஆஸ்பத்திரித் தோட்டத்து வண்டிகள் இத்தனை வருடமாக என் கையில்தானே இருந்தன? இப்போது சோதனைக்கு ஒரு வண்டியை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள். அது பின்பக்கத்து மேட்டில் ஏறிப் புல் வெட்டிக் காட்டினால் எல்லா வண்டியும் அவனுக்கு. இல்லாவிட்டால் அவன் பட்டறைக்கு வேறு பிழைப்பு கிடையாது. கடன் வாங்கிப் போட்டது.

ஜூன் 9
வண்டி ஏறவில்லை!

அது ஹைட்ரோ வண்டி. கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. மூடிய பெட்டிக்குள் எண்ணெயின் அழுத்தம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. அவன் கியர் வண்டியில் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். இதைத் தொட்டதில்லை. சூடேறினால் மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று பெல்ட்டை மாற்றியிருக்கிறான், ஃபேனைத் துடைத்திருக்கிறான், கடைசியில் எண்ணெயை மாற்றியிருக்கிறான். அது சரிதான், பழையது கருகியிருக்கும். ஆனால் மாற்றிய பிறகு சமதரையில்கூட நகரவில்லையாம்.

நகராது. எண்ணெய் ஊற்றியவன் உள்ளே அடைபட்ட காற்றை எடுக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஜூன் 10
"ஒரு வார்த்தை சொன்னா என்னங்க கொறஞ்சுடும்?" என்றாள் என் மனைவி.
"வந்து கேக்கட்டும்."

ஜூன் 12
வந்தான். கடை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து வந்தது அவன் தலையெழுத்து.

"வாங்க மாப்பிள்ளை! வழி தெரிஞ்சுதா?" உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். முழங்கை வரை எண்ணெய். கண் இரண்டும் தூங்கி நாளான மாதிரி. "நாளன்னைக்கு ஓட்டிக் காட்டணும் மாமா."

நான் சிரித்தேன். "இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க? வெறும் காத்து மாப்பிள்ளை! பின் சக்கரத்த ஜாக்கி போட்டுத் தூக்குங்க. சக்கரத்த விடுவிக்கிற ஃப்ரீ லிவர இழுத்து விடுங்க. இஞ்சின போட்டுட்டு பெடல முன்னால ஒரு தடவ, பின்னால ஒரு தடவ, தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டுங்க. அப்புறம் லிவர உள்ள தள்ளிட்டு மறுபடி ஆட்டுங்க. எந்திரிச்சு ஓடும்."

"தாலாட்டு பாடணுமா முதலாளி?" என்றான் பெயிண்டர். கடையே சிரித்தது. மாப்பிள்ளைக்குக் காது சிவந்து போனது.

ஒரு எழுத்துப் பொய் இல்லை. அத்தனையும் உண்மை. நம்ப மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சைலன்சருக்கு ஊற்றும் எண்ணெய் கால் லிட்டர் வாங்கி வா என்று அனுப்பினேன். புகைக்குழாய்க்கு எவன் எண்ணெய் ஊற்றுவான்? கடை கடையாக ஏறி இறங்கி, காலி பாட்டிலோடு வந்து நின்றான். அன்றிலிருந்து, மழை பெய்கிறது என்று நான் சொன்னாலும் கையை வெளியே நீட்டிப் பார்த்துத்தான் நம்புவான்.

தனியாகக் கூப்பிட்டு, சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இனி யாரும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ஜூன் 13
மகள் போன் செய்தாள்.
"அப்பா, நெஜமாவே காத்துதானா? அவரு பெட்டியத் தொறக்கப் போறேங்கறாரு."
"சொன்னேனே."
"எல்லாரும் சிரிச்சாங்களாமே. என் தலைமேல கை வச்சு சொல்ற மாதிரி ஒரு தடவ சொல்லுங்கப்பா."
"சத்தியம் பண்ணாத்தான் நம்புவாரா உன் புருஷன்?"
"ஆமா. பண்ணுங்க."
கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை.

ஜூன் 14
திறந்துவிட்டான்.

ஜூன் 15
உள்ளே விரல் நுனி அளவு பிஸ்டன்கள், அதனதன் ஸ்பிரிங்குகள். எடுத்த இடத்தில் எடுத்தது போய் உட்கார வேண்டும், தூசி படக் கூடாது. அவன் பட்டறையோ மண் தரை. பூட்டி ஓட்டியபோது கல்லை மெல்லுகிற மாதிரி சத்தம் கேட்டதாம், பெட்டியே முடிந்ததாம். ஆஸ்பத்திரி மேலாளர் எல்லார் முன்னாலும் அவனை வாட்ச்மேன் மாதிரி வெளியே நிற்க வைத்துப் பேசினாராம்.

ஜூன் 19
வண்டி என்னிடமே வந்தது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை மாட்டி, எண்ணெய் ஊற்றி, ஜாக்கியில் தூக்கி, பெயிண்டரைப் பெடல் அமுக்கச் சொன்னேன். ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் சக்கரம் பிடித்தது.

பெயிண்டர் காலை எடுக்காமல் என்னைப் பார்த்தான். "அன்னைக்கு நெஜமாவா சொன்னீங்க முதலாளி?"
"நான் எப்படா பொய் சொன்னேன்?"
அவன் சிரிக்கவில்லை. சிரிப்பான் என்று நினைத்தேன்.

ஜூன் 20
மகள் கடை வாசலில் நின்றாள். படி ஏறவில்லை.
"ஊரெல்லாம் சொல்லிக்கலாம்ப்பா, நான் உள்ளதத்தான சொன்னேன்னு. சொல்லிச் சொல்லியே சாவுங்க."
 

ஜூலை 2
அவன் பட்டறை பூட்டியிருக்கிறது. ஊரை விட்டே போய்விட்டார்களாம். எங்கே என்று கட்டடத்துச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. போகட்டும். கை காய்ந்தால் தானாக வருவார்கள்.

ஆகஸ்ட் 17
ஆஸ்பத்திரி வண்டி முழுவதும் எனக்கே. மனைவியிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

நவம்பர் 5
மனைவி மொட்டைமாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். என் தலை தெரிந்ததும், "சரி, வைக்கிறேன்."
"எங்க இருக்காங்க?"
"நல்லா இருக்காங்க."
"எங்கன்னு கேட்டேன்."
"நானும் உள்ளதத்தாங்க சொன்னேன்."
துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மார்ச் 11
காலையில் பெட்டி கட்டினாள். மேலே அவள் சேலைகள். அடியில் வெள்ளைத் துண்டுகள், பச்சைப்பிள்ளைக்குப் போடும் சின்னச் சோப்பு, பஞ்சு. திரும்பி வர ரெண்டு மாதம் ஆகும் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு வந்து விடட்டா?"
"தெருமுனை போதும்."
"பெட்டி கனமா இருக்கே."
"ஸ்டாண்டுக்கு வேணாங்க. பஸ்சு போர்ட படிச்சிருவீங்க."

தெருமுனை வரை தூக்கிப் போய் இறக்கி வைத்தேன். வாடகைக் காரில் அவளே தூக்கி ஏற்றிக்கொண்டாள்.