சாவி டாக்டரிடம் இருக்கிறது

அனேமோசா தீவு
12 மார்ச் 2014

அன்புள்ள தம்பி ஸ்டமாட்டிஸ்,

மெல்போர்னில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். தாளில் நீ எவ்வளவு கத்தினாலும் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

அங்கே உங்கள் தீவுக்காரர் சங்கம் அனுப்பிய ஸ்கேன் மெஷின் இத்தனை நாளும் ராஜா மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே நல்ல அறை அதற்குத்தான். வந்த அன்று பாதிரியார் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஜெபம் சொல்லி, புனித நீரைத் தெளித்துவிட்டுப் போனார். நல்லவேளை, மின்சாரம் கொடுத்திருக்கவில்லை. அதை இயக்க ஆள் போடப் பணமில்லை என்று அரசாங்கம் கைவிரித்துவிட்டது. 'சங்கத் தலைவர் ஸ்டமாட்டிஸ்' என்று பொறித்த பித்தளைத் தகட்டை மட்டும் நான் போகும்போதெல்லாம் துடைத்துவிட்டு வருவேன். உன் பெயர் களிம்பேறிக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது.

இப்போது ஒரு டாக்டர் வந்திருக்கிறாள். பெயர் ஃபோதினி, லாரிஸா ஊர்ப் பெண். வந்த கையோடு அந்த உறையைக் கிழித்து எறிந்துவிட்டு, பேக்கரிக்காரன் பெண்டாட்டியைப் படுக்கவைத்து வயிற்றுப் பிள்ளையைக் காட்டினாள். அந்தப் பெண் அழுத அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் டாக்டருக்குப் படுக்க இடமில்லை. சம்பளம் தருகிற அரசாங்கம் ஓர் அறை தருவதில்லை. நோயாளியைப் பார்க்கிற மேசைமேலேயே தூங்குகிறாள். "சுற்றுலாக்காரங்க வர ஆரம்பிச்சா என் சம்பளத்த முழுசா கொடுத்தாலும் ரூம் கிடைக்காதாம், மருஸோம்மா. நான் கிளம்பிடுவேன்" என்கிறாள்.

அம்மா வீடு பூட்டித்தானே கிடக்கிறது? கோடையிலும் அவள் அங்கேயே இருக்கட்டுமே. என்ன சொல்கிறாய்?

உன் அக்கா,
மருஸோ

---

மெல்போர்ன்
2 ஏப்ரல் 2014

அன்பு அக்கா,

முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள். தகட்டைத் துடைப்பதற்கு நன்றி. குத்திக் காட்டியதற்கும் நன்றி.

வீட்டைக் கொடுக்க முடியாது. கோடைக்கு ஏஜென்ட் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்டான். அந்த வாடகை என் சட்டைப் பைக்கா போகிறது? இதய நோய்க்கு இன்னொரு மெஷின் வாங்கச் சங்க நிதிக்குப் போகிறது. டாக்டருக்கு வீடு கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. நாம் கொடுத்துவிட்டால், 'அதான் ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்கிறார்களே' என்று நிம்மதியாகக் கையைக் கழுவிவிடுவார்கள்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பெண்டாட்டி வாஸிலியா செத்துப்போன பிறகு இங்கே சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் ஞாயிறு வருவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள், போவார்கள். ஊருக்கே வந்துவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் போன வருடம் வந்த நெஞ்சுவலிக்குப் பிறகு என் டாக்டர், "அவசரத்துக்கு ஆள் இல்லாத தீவுக்கா போற? பேசாம இங்கயே இரு" என்று மிரட்டுகிறான். அதனால்தான் அந்த மெஷினுக்காக இந்தப் பாடு படுகிறேன். அது வந்துவிட்டால் நானும் வந்துவிடுவேன்.

உன் தம்பி,
ஸ்டமாட்டிஸ்

---

அனேமோசா தீவு
6 மே 2014

தம்பி,

ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது. சாவியை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் கொடுத்தேன், தெரிந்தே கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நம் தீவில் அம்மா வீடு மகளுக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். நீ கப்பலேறிய அன்று துறைமுகத்தில், "திரும்பி வந்தா தட்டுறதுக்கு எனக்கு ஒரு கதவுகூட இல்லையே அக்கா" என்று ஊரே பார்க்க அழுதாய். அந்த அழுகைக்காகத்தான் வீட்டை உன் பெயரில் எழுதவிட்டேன். ஊரார் என்னைப் பைத்தியக்காரி என்றார்கள். இதுவரை அந்தக் கதவைப் பற்றி நான் வாய் திறந்ததுண்டா? இன்று திறக்கிறேன்.

அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை என்று நீ சொன்னது சரிதான். பெண்களெல்லாம் சேர்ந்து மேயர் வாசலில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அவர்கள் தரும்வரை நெஞ்சுவலி காத்திருக்குமா?

ஏஜென்ட் வந்து வாசலில் நின்று குதித்தான். ஃபோதினி அவனை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். சத்தமில்லாமல் மாத்திரையோடு போனான். வீடு இருந்தால் இன்னும் ஒரு வருடம் இருப்பதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அட மடையா, உனக்கு வேண்டியது மெஷினா, ஆளா? ஆளே இல்லாத ஊரில் மெஷின் உன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்குமா? நீ திரும்பி வருவதற்காக மெஷின் வாங்குகிறாய். அதற்கு வாடகை வசூலிக்கிறேன் என்று, உன்னைக் காப்பாற்ற வேண்டியவளையே கப்பலேற்றி அனுப்பப் பார்த்தாய்.

மாதா படத்துக்கு முன்னால் ஈஸ்டருக்குச் சாயம் போட்ட ஒரு சிவப்பு முட்டை வைத்திருக்கிறேன், வருடா வருடம் வைப்பது போல. சின்ன வயதில் ஈஸ்டர் தோறும் மோதி விளையாடுவோமே, அது போல நீ வந்து என் முட்டையோடு மோதி உடைக்க வேண்டும். நான் செத்த பிறகு வந்து கல்லறையில் மோதாதே.

கோபம் தீராவிட்டால் வக்கீலைப் பார்.

மருஸோ

---

மெல்போர்ன்
20 ஜூலை 2014

அன்பு அக்கா,

வக்கீலைத்தான் பார்த்தேன். அவன் நம் தீவுக்காரன். "உங்க அக்கா மேலயா கேஸ் போடப் போறீங்க? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டான். இத்தனை நாள் உனக்கு எழுதவில்லை. அவ்வளவு கோபம்.

பிறகு சங்கக் கூட்டம் வந்தது. வாடகை வரவில்லை என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்றேன். அக்கா என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டாள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "வீட்டை டாக்டருக்கு நான் கொடுத்துட்டேன்" என்று வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மெஷின் வேண்டாம், நிதியை வைத்து அம்மா வீட்டுக் கூரையைச் சரிசெய்து, அடுத்து வருகிற டாக்டர்களுக்கும் வீடு அங்கேயே என்று முடிவாகிவிட்டது. வாசலில் என் பெயரில் தகடு வைக்கலாம் என்றார்கள். அம்மா பெயரைப் பொறிக்கச் சொல்லிவிட்டேன். அதையும் நீதான் துடைக்க வேண்டும்.

என் டாக்டரை ஃபோதினியோடு போனில் பேசவைத்தேன். வெகுநேரம் பேசினார்கள். போனை வைத்துவிட்டு, "நல்ல பொண்ணு. கிளம்பு" என்றான். அக்டோபரில் வருகிறேன். இனி இங்கே திரும்பப்போவதில்லை.

சாவி டாக்டரிடமே இருக்கட்டும். எனக்கு உன் அடுக்களையில் ஒரு கட்டில் போட்டு வை. தட்டுவதற்கு உன் கதவு இருக்கிறது. முட்டையைப் பத்திரமாக வை. இனிமேல் நேரிலேயே கத்துகிறேன், நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.

உன் தம்பி,
ஸ்டமாட்டிஸ்